தொடக்கப் பள்ளியில் மட்கு உரமும் மறுசுழற்சியும்: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கடலோர டீச்சர்

வணக்கம். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், பாக் நீரிணைப் பக்கம் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஐம்பத்துச் சொச்சம் பிள்ளைகள், பெரும்பாலும் கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள். காலை உணவுத் திட்டம், மதியச் சத்துணவு இரண்டுக்கும் பள்ளியிலேயே சமையல்.

தினமும் வளாகத்தில் சேர்வது இவ்வளவு: காய்கறித் தோல், முட்டை ஓடு, பிள்ளைகள் தட்டில் ஒதுக்கும் கறிவேப்பிலை, மிளகாய், மிஞ்சிய சோறு. வேம்பும் வாதாமரமும் கொட்டும் சருகு. கிழிந்த தாள், பென்சில் சீவல். அப்புறம் எதிர்க்கடையில் வாங்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகளின் கவர். காலையில் பெருக்கி வடக்கு மூலையில் குவித்து நெருப்பு வைப்பது பல வருட வழக்கம். கவரும் சேர்ந்து எரியும். காற்று ஓய்ந்த நேரமாக இருந்தால் முதல் பாடவேளை முழுக்க அந்தப் புகை வகுப்பறையை விட்டுப் போகாது. மூன்றாம் வகுப்பில் இளைப்பு உள்ள பிள்ளை ஒன்று இருக்கிறது. புகை வந்தால் அவள் துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டுதான் எழுதுகிறாள். இதை நிறுத்தியே ஆக வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினேன். மூன்று நிறத்தில் தொட்டி வாங்கலாம், பணம் நான் தருகிறேன் என்று ஒரு பிள்ளையின் அப்பா முன்வந்திருக்கிறார். வாங்கிவிடலாமா? உரக்குழி எங்கே தோண்டுவது? எங்களுடையது வெறும் மணல் தரை, ஐப்பசி கார்த்திகையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். போர் தண்ணீர் உப்பு. காவிரிக் குழாயில் வருவது குடிக்கவே பத்தாது. உள்ளூரில் செய்தவர்கள் அனுபவம்தான் எனக்கு வேண்டும்.

பெரியபட்டினம் சார்

டீச்சர், தொட்டி வாங்காதீர்கள். அந்தப் பணத்தை அப்படியே வைத்திருங்கள், வேறு வேலை இருக்கிறது.

ஒரு பொருள் பள்ளி வாசலைத் தாண்டி யார் கைக்குப் போகிறது என்று உறுதியான பிறகுதான் அதற்கொரு தொட்டி. நான் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், இதை எல்லாப் பள்ளியிலும் சொல்லி வருகிறேன். பக்கத்து ஒன்றியத்தில் ஒரு பள்ளி. பிள்ளைகள் மாசக்கணக்கில் அவ்வளவு அழகாகப் பிரித்தார்கள். பாட்டில் தனி, கவர் தனி, தாள் தனி. ஒரு நாள் இடைவேளையில் வண்டி வந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, மூன்று தொட்டியையும் ஒரே வண்டியில் ஒன்றாகக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். "அப்ப நாம எதுக்கு டீச்சர் பிரிச்சோம்?" என்று ஐந்தாம் வகுப்புப் பெண் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் யார் சொல்லியும் எடுபடவில்லை. பிள்ளைகளின் நம்பிக்கையை ஒரு தடவைதான் கேட்டு வாங்க முடியும்.

அதனால் முதல் வேலை, ஒரு வாரத்துக் குப்பையை எரிக்காமல் சேர்த்து, தார்ப்பாயில் கொட்டிப் பிரித்து எடை போடுவது. சோறு, தோல் போன்ற ஈரத்தை மட்டும் அன்றன்றைக்கே எடை பார்த்துவிடுங்கள், நாறிவிடும். நான்கு, ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. சத்துணவுத் தராசு இருக்கிறதே, போதும். நான் பார்த்த பள்ளிகளில் எல்லாம் எடையில் முக்கால்வாசி சருகும் ஈரக் குப்பையும்தான். எண்ணிக்கையில் முதலிடம் பாக்கெட் கவர், எடையில் ஒன்றும் இராது. ஈரமும் சருகும் வளாகத்தை விட்டு வெளியே போகவே தேவையில்லை. எனவே அதை முதலில் பிடியுங்கள். மறுசுழற்சியை அடுத்த பருவத்துக்குத் தள்ளினாலும் குடி முழுகிவிடாது.

குழி உங்கள் மண்ணுக்கு ஆகாது. கோடையில் சத்து மணலில் இறங்கிவிடும், மழையில் குழி நிரம்பி அழுகிவிடும். தரைக்கு மேலேதான் கட்ட வேண்டும். கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை நம் பக்கம் எங்கும் கிடைக்கும். மூன்றடி விட்டத்தில் வாங்கி மூன்றை அடுக்கினால் ஒரு தொட்டி. இரண்டு அடுக்கு வேண்டும், ஒன்று நிரம்பி ஆறும்போது மற்றதில் போட. சுற்றிலும் ஓட்டை போடச் சொல்லுங்கள், காற்று இல்லாமல் எதுவும் மட்காது. அடியில் செங்கல் பரப்பி அதன்மேல் தேங்காய் மட்டை. இடம் வேம்பு நிழல். அந்த அப்பா தரும் பணத்தை இதற்குச் செலவிடுங்கள்.

போடும் கணக்கு எளிது. ஒரு வாளி ஈரக் குப்பைக்கு இரண்டு மூன்று வாளி சருகு. முதல் தடவை கொஞ்சம் சாணிக் கரைசல் தெளித்தால் நல்லது. மேலே எப்போதும் சருகு மூடியிருக்க வேண்டும், ஈரக் குப்பை கண்ணில் பட்டால் காக்கையும் நாயும் வந்துவிடும். வாரம் ஒரு முறை பெரியவர் யாராவது கிளறிவிடுங்கள். கிளறுவதற்கு முன்னால் கம்பால் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், பூச்சி பொட்டு இருக்கலாம்.

தண்ணீரைப் பற்றி: போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு உரத்திலேயே தங்கிவிடும். அரிசி கழுவிய தண்ணீர் தினமும் கிடைக்குமே, அது போதும். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒன்றும் வராவிட்டால் காய்ந்துவிட்டது, ஒழுகினால் சருகு போடுங்கள். நம் ஊர் வெயிலில் அழுகுவதைவிடக் காய்ந்து கிடப்பதுதான் பெரிய தொல்லை. நனைத்த சாக்கை மேலே போட்டு மூடி வையுங்கள்.

கடலோர டீச்சர்

மிக்க நன்றி சார். அரிசி கழுவிய தண்ணீரை இத்தனை நாளும் சாக்கடையில்தான் விட்டுக்கொண்டிருந்தோம்! எடை போடும் வேலையைத் திங்கட்கிழமை தொடங்குகிறேன். முட்டை ஓட்டை இதிலேயே போடலாமா?

காலை உணவு அக்கா

டீச்சர், நான் மகளிர் குழுவிலிருந்து பள்ளியில் சமைக்கிறேன், திருப்பாலைக்குடிப் பக்கம். முட்டை ஓட்டை முழுசாகப் போடாதீர்கள். வாரத்துக்கு ஐந்து முட்டை, ஐம்பது பிள்ளை என்றால் ஓடு எவ்வளவு சேரும் என்று கணக்குப் பாருங்கள். உரம் எல்லாம் ஆன பிறகும் ஓடு அப்படியே வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். வெயிலில் காயவைத்து உரலில் இடித்துப் போட்டால்தான் ஆகும்.

இன்னொன்று. உப்புமா, கிச்சடி போடும் நாளில் தட்டில் மிஞ்சுவது குறைவு. பொங்கலில் மிளகும் கறிவேப்பிலையும் எல்லாத் தட்டிலும் ஒதுங்கும். எந்த நாளில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று சமைக்கிற எங்களிடமும் சொல்லுங்கள். முதலில் கொஞ்சமாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி போடுவது என்று மாற்றிய பிறகு எங்கள் பள்ளியில் பாதி மிச்சம் குறைந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு மறுபடி கேட்க வெட்கமாக இருக்கும், நாமே போய்க் கேட்க வேண்டும். பசியோடு எந்தப் பிள்ளையும் எழுந்திருக்கக் கூடாது.

அரிசிக் காலிச் சாக்கு கணக்கில் வரும் பொருள். உரத்தொட்டியை மூட அதை எடுத்துவிடாதீர்கள், அமைப்பாளருக்குத் தொந்தரவு. வீட்டுச் சாக்கு கொண்டுவரச் சொல்லுங்கள்.

முண்டு மிளகாய்

முட்டை ஓட்டை உரத்தில் போடுவதே வீண் என்பேன். உங்கள் தரை கடற்கரை மணல். அதில் சிப்பி, சங்குத் துணுக்கு எவ்வளவு கிடக்கிறது? சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கும் மண் அது. இடித்த ஓட்டை முட்டையிடும் வீட்டுக் கோழிக்குத் தீவனத்தோடு போடுங்கள், அதற்குத்தான் பயன். பிள்ளைகளில் யார் வீட்டில் கோழி இருக்கிறது என்று கேட்டால் கை தூக்குவார்கள்.

நான் சாயல்குடிப் பக்கம் மானாவாரியில் மிளகாய் போடுகிறவன். மணலில் மட்கு உரம் சத்து கொடுப்பதைவிடத் தண்ணீரைப் பிடித்து வைப்பதுதான் பெரிய லாபம். பள்ளியில் தோட்டம் போடுவதாக இருந்தால் உரத்தைத் தூவிவிட்டுப் போகாமல், செடிக்குழியில் மணலோடு மூன்றில் ஒரு பங்கு கலந்து, மேலே சருகு மூடாக்குப் போடுங்கள். முருங்கை, கறிவேப்பிலை, கீரை. அந்த முருங்கைக்கீரை சாம்பாரில் விழுந்தால் பிள்ளைகளுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

கரையில் ஒதுங்கும் பாசியையும் சேர்க்கலாம். அந்தக் காலத்தில் தென்னைக்கு அடியில் போடுவார்கள், சாம்பல் சத்து நிறைய. பள்ளியிலிருந்து கரை பக்கம்தானே?

தங்கச்சிமடம் அம்மா

பாசி விஷயத்தில் கொஞ்சம் பொறுங்கள். நான் பாசி எடுக்கப் போகும் குடும்பம். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து எல்லாம் பாறையிலிருந்து எடுப்பது எங்கள் பிழைப்பு, அதற்கே ஆயிரம் கட்டுப்பாடு. மன்னார் வளைகுடாப் பக்கம் 21 தீவுகளும் 1986லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. பாக் நீரிணைப் பக்கம் வேறு என்றாலும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி எதையும் பறிக்க வைக்காதீர்கள். உயிரோடு இருக்கிற பாசியும் கடல்புல்லும் மீன் குஞ்சுக்கு வீடு, ஆவுளியா என்கிற கடல்பசுவுக்குச் சாப்பாடு.

காற்று அடித்துக் கரையில் தள்ளிக் காய்ந்து கிடப்பதில் மேலாகக் கொஞ்சம் அள்ளலாம். அதையும் மொத்தமாக வாரக் கூடாது, மணலைப் பிடித்து வைப்பது அதுதான். உதறிவிட்டு அள்ளுங்கள், நண்டும் பூச்சியும் இருக்கும். ஒரு மழையில் நனைய விட்டு உப்புப் போன பிறகு உரத்தில் போடுங்கள். மழைக்கு முன்னால் வேண்டாம்.

பெரியபட்டினம் சார்

அம்மா சொல்வது சரி. உங்கள் வளாகத்தில் வேம்பும் வாதாமரமும் இருக்கும்போது பாசியைத் தேடிப் போகவே தேவையில்லை. வாதா இலை தடிமன், காலால் மிதித்து நொறுக்கிப் போட்டால் சீக்கிரம் மட்கும். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும்.

கீழக்கரைவாசி

எல்லாம் நல்லது. ஆனால் யாரும் பேசாத ஒன்றைக் கேட்கிறேன். குப்பையை யார் அள்ளப் போகிறார்கள்?

நான் படித்த காலத்தில் பெருக்கவும் தண்ணீர் சுமக்கவும் வாத்தியார் எந்தத் தெருப் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுவார் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். என் பெயர் அதில் இருந்தது. இன்று என் மகள் நான்காம் வகுப்பு. அவள் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு வேறு என்னென்னவோ ஞாபகம் வரும். படிக்க அனுப்பிய பிள்ளை எதற்குக் குப்பையில் கை வைக்க வேண்டும் என்று ஒரு அப்பா கேட்டால் என்ன பதில்?

பெரியபட்டினம் சார்

கேட்டதற்கு நன்றி. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்தப் பள்ளியும் இதைத் தொடங்கக் கூடாது.

நான் கடைப்பிடித்ததைச் சொல்கிறேன். வேலை முறை வருகைப் பதிவேட்டு வரிசைப்படி மட்டும். ஆண், பெண், தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்ற பேச்சே இல்லை. அந்த வரிசையில் ஆசிரியர் பெயரும் இருக்கும், தலைமை ஆசிரியர் பெயர் முதலில். கழிவறைப் பக்கம் பிள்ளைகள் போகவே கூடாது. அடுத்தவர் குப்பையை யாரும் பொறுக்க வேண்டாம், அவரவர் தட்டில் மிஞ்சியதை அவரவர் வாளியில் போடுவது, அவரவர் கவரை அவரவர் சாக்கில் போடுவது. சருகு அள்ளுவதும் எடை போடுவதும்தான் பிள்ளைகள் வேலை. கிளறுவது பெரியவர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

முக்கியமாக, இதைத் தண்டனையாக ஒரு நாளும் கொடுக்காதீர்கள். வீட்டுப்பாடம் எழுதவில்லை, போய்ச் சருகு அள்ளு என்று ஒரு தடவை சொன்னால் அன்றோடு இது கேவலமான வேலை என்று முத்திரை விழுந்துவிடும்.

கீழக்கரைவாசி

நல்லது சார். அந்த முறைப்பட்டியலை எழுதி வாசலில் ஒட்டுங்கள். பெற்றோர் வந்து பார்க்கட்டும். ஆசிரியர் பெயரை அதில் பார்த்தால் நான் என் மகளை அனுப்புவேன்.

கடலோர டீச்சர்

என் பெயர் முதலில் இருக்கும், கட்டாயம் ஒட்டுகிறேன். இதை எழுதியதற்கு உங்களுக்கு நன்றி அண்ணே. தட்டில் மிஞ்சும் சோற்றைப் பற்றி ஒரு சந்தேகம். எங்கள் சமையல் உதவியாளர் ஆடு வளர்க்கிறார். தோல், சோறு எல்லாவற்றையும் நானே கொண்டுபோகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

ஆட்டுக்காரன்

தோல், கீரைத்தண்டு தாராளமாகக் கொடுங்கள். ஆடு தின்னும் பொருளை ஏன் மட்க வைக்க வேண்டும்? ஆனால் சோறு கூடாது. பழக்கமில்லாத ஆடு ஒரே நாளில் நிறையச் சோறு தின்றால் வயிற்றில் புளித்து, உப்பிச் செத்துப்போகும். கந்தூரி, கல்யாண வீடு முடிந்த மறுநாள் எத்தனை ஆடு இப்படிப் போயிருக்கிறது தெரியுமா? சோற்றைக் கோழிக்குக் கொடுக்கலாம். மீதியை உரத்தில் சருகுக்கு நடுவே மெல்லிசாகப் பரப்புங்கள். கட்டியாகப் போட்டால் நாறும்.

தோல் முழுவதும் ஆட்டுக்குப் போய்விட்டால் உரத்துக்கு ஈரச் சத்து குறையும். அதற்குப் பதிலாக ஆட்டுப் புழுக்கை வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கும் லாபம், உங்களுக்கும் லாபம்.

பழைய இரும்பு

மறுசுழற்சிப் பக்கத்தை நான் சொல்கிறேன். ராமநாதபுரத்தில் காயலான் கடை வைத்திருக்கிறேன். பள்ளியிலிருந்து நாங்கள் எடுப்பது அட்டை, நோட்டு, செய்தித்தாள், தண்ணீர் பாட்டில், கழுவிய பால் கவர், தகர டின், இரும்பு. தாள் நனைந்தால் விலை போய்விடும், மழைக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். பாட்டிலை மிதித்து நசுக்கிக் கட்டினால் வண்டியில் இடம் மிச்சம்.

எடுக்காதது: உள்பக்கம் வெள்ளியாகப் பளபளக்கும் பாக்கெட் கவர், தெர்மாகோல், பேனா, உறிஞ்சுகுழாய். அந்தக் கவரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டிய அடுக்குகளாக இருக்கும். பிரிக்க முடியாது, அதனால் வாங்க ஆள் இல்லை. எந்தக் கடைக்காரர் எடுத்தாலும் வழியில் எங்காவது கொட்டத்தான் செய்வார். அதைக் காயவைத்துச் சாக்கில் அமுக்கி ஊராட்சியின் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள். இந்த வகையை அரைத்துத் தார்ச் சாலையில் கலப்பதுண்டு, சிமெண்ட் ஆலைச் சூளைக்கும் அனுப்புவதுண்டு. சாலையில் கலக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் நம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர். பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லலாம். உங்கள் ஊராட்சி அதை உண்மையில் எங்கே அனுப்புகிறது என்று நேரில் போய்க் கேட்டுவிட்டுத்தான் சாக்கை மாட்ட வேண்டும்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகள் என்றால் வலைத் துண்டு கொண்டுவருவார்கள், சொல்லி வையுங்கள். நைலான் வலைக்கு விலை உண்டு, ஆனால் கயிறு, மிதவை பிரித்திருக்க வேண்டும். வலையில் கோத்த ஈயக் குண்டைப் பிள்ளைகள் கையால் தொடவே கூடாது. ஈயம் நஞ்சு, கையை வாயில் வைத்தால் உடம்பில் ஏறும். வலையைப் பள்ளிக்கு வெளியே, பெரியவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கச்சிமடம் அம்மா

பாக்கெட் கவருக்கு வழி தேடுவதைவிடப் பாக்கெட்டைக் குறைப்பது சுலபம் டீச்சர். எதிர்க்கடை அக்காவிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கும் பிழைப்பு வேண்டும். தை மாசம் பனங்கிழங்கு அவித்து வைக்கச் சொல்லுங்கள், மற்ற நாளில் சுண்டல், கடலை, பொரி உருண்டை, கொடுக்காப்புளி. எங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் பிள்ளைகள் சின்னக் கிண்ணம் கொண்டுபோய் வாங்குகிறார்கள்.

பெரியபட்டினம் சார்

இதற்குச் சட்டமும் துணை இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. ஆனால் விதியைக் காட்டி அந்த அக்காவை மிரட்டாதீர்கள். பனங்கிழங்கு யோசனைதான் நிலைக்கும். ஆகஸ்ட் 15க்குப் பிளாஸ்டிக் கொடி கொண்டுவர வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் ஒன்று.

கடலோர டீச்சர்

எடை போட்டாயிற்று. நீங்கள் சொன்ன மாதிரியே சருகும் ஈரமும்தான் அத்தனையும். கவர் எல்லாம் சேர்த்துத் தராசின் முள் அசையவே யோசித்தது, எண்ணினால் இருநூறுக்கு மேல். எண்ணி முடித்ததும் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் பையிலிருந்த பிரிக்காத பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "இதையும் சேத்துக்கங்க டீச்சர், மத்தியானம் திம்பேன்" என்றான்.

உறை வந்து இறங்கிவிட்டது. நெருப்பு வைப்பது நின்றுவிட்டது. காலையில் பெருக்கும் அம்மாவுக்கு முதலில் சம்மதமில்லை, சருகு சேர்ந்தால் பாம்பு அடையும் என்றார். உரத்தொட்டிக்குப் பக்கத்தில் பனை மட்டையால் அடைப்புக் கட்டி, சருகை அதற்குள் போட ஏற்பாடு செய்த பிறகு ஒத்துக்கொண்டார். கவர்ச் சாக்கை இன்னும் மாட்டவில்லை. ஊராட்சியில் கேட்டிருக்கிறேன், பதில் வரட்டும்.

ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடினால் ஜூன் வரை யார் பார்ப்பது? அது ஒன்றுதான் பாக்கி.

பெரியபட்டினம் சார்

தேர்வு தொடங்கும்போதே ஈரக் குப்பை போடுவதை நிறுத்திவிடுங்கள். கடைசியாக ஒரு தடவை நன்றாகக் கிளறி, நனைத்து, மேலே ஓரடி சருகு, அதன்மேல் சாக்கு, அதன்மேல் பனையோலை. பக்கத்து வீட்டார் யாராவது வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும், ஊற்றாவிட்டாலும் கெட்டுப்போகாது, காய்ந்து அப்படியே நிற்கும். ஜூனில் நனைத்தால் மறுபடி ஓடத் தொடங்கும். முதல் உறையில் உள்ளது அதற்குள் ஆறியிருக்கும், சலித்துப் பாருங்கள். மண் வாசனை வந்தால் தயார், புளித்த வாடை வந்தால் இன்னும் ஒரு மாசம்.

பழைய இரும்பு

சலிக்கப் பழைய கட்டில் கம்பி வலை ஒன்று கடையில் கிடக்கிறது. சனிக்கிழமை எங்கள் வண்டி உச்சிப்புளி வரைக்கும் வரும், பள்ளியில் இறக்கிவிடச் சொல்கிறேன். அட்டை, தாள் இருந்தால் அப்போதே எடை போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் முன்னாடியே போடுகிறோம்.